எட்டு அறை வீடும் ஒன்லியின் கோட்டும்

சொற்களுக்கெல்லாம் கையும் காலும் இருந்த அந்தக் காலத்தில், மனிதர்கள் வாயைத் திறந்தால் சொற்கள் ஒவ்வொன்றாகக் கீழே குதித்து, வரிசை கட்டி, கேட்பவர் காதுவரை நடந்தே போகும். அவசரமாகப் பேசினால் ஓடும். ரகசியம் பேசினால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்ததும், அடுத்த ஆள் கூப்பிடும்வரை வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்வம்பு பேசும்.

அப்போது சேதுச் சீமையில் 'தான்' என்று ஒரு சின்னச் சொல் இருந்தான். ஆள் குள்ளம், இரண்டே எழுத்து. தனியாக நடக்க வராது. யாராவது ஒரு சொல்லின் முதுகில் தொத்திக்கொண்டே எங்கேயும் போவான். ஆனால் அவன் தொத்திய சொல்லுக்கு வருகிற மரியாதையைப் பார்க்க வேண்டுமே! 'நான் மாங்காய் பறித்தேன்' என்றால் ஏதோ ஒரு மாங்காய், ஏதோ ஒரு நான். அவன் 'நான்' முதுகில் ஏறி 'நான்தான் பறித்தேன்' ஆக்கிவிட்டால், பறித்தது வேறு யாரும் இல்லை என்று ஆகிவிடும். அங்கிருந்து மாங்காயின் முதுகுக்குத் தாவினால், தேங்காய் பறித்த பழி போய்விடும். இவனால் பழியிலிருந்து தப்பித்தவர்கள் ஊர் ஊருக்கு இருந்தார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முன்கோபமும் உண்டு.

அந்தச் சீமைக்காரர்கள் வாயில் அவன் பெயர் 'தேன்' என்று மாறிப்போயிருந்தது. 'நாந்தேன் வந்தேன்', 'அவெந்தேன் சொன்னான்' என்பார்கள். பெயரை இப்படி இனிக்க இனிக்க மாற்றிவிட்டார்களே என்று அவனுக்கு உள்ளூர மகிழ்ச்சி. அதிலும் ராக்கு என்று ஒருத்தி. செம்மறி மந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிறவள். இரவெல்லாம் ஆடுகள் வயலில் அடைந்து கிடக்கும், புழுக்கையில் மண் உரமேறும், வயல்காரர்கள் அவளுக்கு நெல் அளப்பார்கள். இந்த ராக்கு தேன் இல்லாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டாள். "இந்த ஆடுகதேன் எனக்குச் சொந்தம், இதுகதேன் எனக்குப் பிள்ளை" என்பாள். நாளில் பாதி நேரம் அவன் அவள் வாயிலேயே குடியிருந்தான்.

அந்த ராக்குவின்மேல் ஒரு வழக்கு வந்தது.

திருமேனி என்கிற பண்ணைக்காரரின் கேழ்வரகுக் கொல்லையை ஒரு ராத்திரி எதுவோ மேய்ந்து மொட்டையடித்துவிட்டது. மேய்ந்தது அவருடைய சொந்த மைத்துனனின் மாடுகள் என்று ஊருக்கே தெரியும். திருமேனிக்கும் தெரியும். ஆனால் மைத்துனனிடம் நியாயம் கேட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. மறுநாள் பொழுது சாய ராக்கு தன் மந்தையை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தாள். வெளியூர்க்காரி, கேட்க நாதி இல்லாதவள். விடுவாரா மனுஷன்? "மேய்ஞ்சது இவ ஆடு. மந்தை மொத்தத்தையும் எனக்கு எழுதி வைக்கணும்" என்று அதற்கும் மறுநாள் காலையிலேயே கச்சேரிக்குப் போய்விட்டார். அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? சாட்சி சொல்ல வேண்டிய ஊரோ, வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

கச்சேரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கப்பலில் வந்த ஒரு துரை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் இங்கிலீஷைத் தவிர எந்தப் பாஷையும் அவர் காதில் ஏறாது. அதற்காகவே அவர் நாற்காலிக்கு முன்னால் ஒரு பெரிய வீடு கட்டி வைத்திருந்தார்கள். எட்டு அறை. நௌன், புரொநௌன், வெர்ப் என்று அறைக்கு அறை பலகை. முன்வாசலில் நுழைகிற தமிழ்ச்சொல், தனக்கு நேரான இங்கிலீஷ்காரன் எந்த அறையில் இருக்கிறான் என்று பார்த்து அவனிடம் சேதியைக் கொடுக்க வேண்டும். அந்த இங்கிலீஷ்காரன் கோட்டை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகத் துரையின் காதுக்குப் போவான். கோட்டு போடாதவனுக்குத் துரையின் காதில் அனுமதி கிடையாது. மாடியில் ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச் என்று சில அலங்காரக்காரர்கள் குடியிருந்தார்கள். வாசலில் காவல் கிராமர். விறைத்த மீசை, கையில் பிரம்பு. அறை இல்லாதவன் உள்ளே வரக் கூடாது என்பது ஒன்றே அவர் அறிந்த நியாயம்.

"இந்தப் பெண் ஊருக்கு எப்போது வந்தாள்?" என்று துரை கேட்டார்.

ராக்கு கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "நேத்துத்தேன் வந்தேன், சாமி."

வழக்கு அவ்வளவுதான். கொல்லை மேயப்பட்டது முந்தாநாள் ராத்திரி. அவள் வந்தது நேற்றுதான் என்றால், அவளுக்கும் கொல்லைக்கும் என்ன சம்பந்தம்? மந்தை முழுவதும் அந்தக் குள்ளனின் தோளில் இருந்தது. அது அவனுக்கும் தெரிந்திருந்தது. 'நேற்று' முதுகில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, பின்னால் 'வந்தேன்' நடந்துவர, ஜம்பமாக வீட்டு வாசலுக்குப் போனான்.

பிரம்பு குறுக்கே வந்து விழுந்தது.

"நேற்று, உள்ளே போகலாம். வந்தேன், உள்ளே போகலாம்" என்றார் கிராமர். "முதுகில் இருப்பது யார்?"

"நாந்தேன்யா. தான்."

"எந்த அறை?"

"எனக்கு எதுக்குய்யா அறை? நான் இவன் முதுகுலயே இருந்துக்கிருவேன்."

"முதுகு என்று ஓர் அறை இந்த வீட்டில் இல்லை. மேலும், வந்தேன் என்பவனிடமே ஒரு தேன் இருக்கிறது. ஒரு வாக்கியத்துக்கு எத்தனை தேன் வேண்டும் உங்களுக்கு?"

"ஐயா, அது அவனோட வாலு. நான் தனி ஆளு!"

'தான்' குரல் உயர்ந்துவிட்டது. கூட்டம் கூடிவிடப் போகிறதே என்று கிராமர் அவனைக் காதைப் பிடித்து இறக்கி, அறை அறையாகக் கூட்டிப் போனார். கிராமர் விதிப்படி நடக்கிறவர். விசாரிக்காமல் யாரையும் துரத்த மாட்டார், விசாரித்துவிட்டுத் துரத்துவார்.

நௌன் அறையில் ஆளா, ஊரா, பொருளா என்று கேட்டு, மூன்றும் இல்லை என்றதும் அனுப்பிவிட்டார்கள். புரொநௌன் அறையில் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது. "தன்னை, தனக்கு என்றெல்லாம் வருகிறவன் நீயா? ஹிம்செல்ஃப் பக்கத்தில் ஒரு பாய் காலியாக இருக்கிறது" என்றார்கள். "அவன் எம்பேரை வெச்சுக்கிட்ட வேற ஆளு. ஒரு சீமையில ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்கக் கூடாதாக்கும்?" என்றான் இவன். கொஞ்சம் பொய் சொல்லியிருந்தால் அங்கேயே பாயை விரித்திருக்கலாம். அவனுக்குப் பொய் வராது. இதுதான் இது என்று காட்டுவது அவன் பிழைப்பு.

வெர்ப் அறையில் அவனுடைய டென்ஸ் என்ன என்று கேட்டார்கள். "எப்பவுந்தேன்" என்றான். எப்போதும் இருக்கிறவனை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அட்ஜெக்டிவ் அறையில் அதைவிட மோசம். "தான், இன்னும் தான், எல்லாவற்றையும்விடத் தான் என்று உனக்கு மூன்று படி உண்டா?" என்று குட் கேட்டான். பக்கத்தில் பெட்டரும் பெஸ்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். குட் வீட்டில் பெட்டர் எப்படிப் பிறந்தான்? முகஜாடைகூட இல்லை. அதை யாராவது கேட்டார்களா? அவனுக்கெல்லாம் கட்டில் போட்ட அறை.

பிரிபொசிஷன் அறையில் இன், ஆன், அட் என்று பொடியன்கள் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். "நாங்கள் எப்போதும் முன்னால் நிற்போம். நிற்பாயா?" என்றார்கள். "எங்க ஊர்ல மரியாதை தெரிஞ்சவன் பின்னாடிதேன் நிப்பான்" என்றான் தான். அடுத்ததாகக் கன்ஜங்ஷன் அறையில், "இரண்டு பேரைச் சேர்த்துவைப்பாயா?" என்றார்கள். "சேத்து வைக்க மாட்டேன். கூட்டத்துல இவன்தேன்னு ஒருத்தனைப் பிரிச்சுக் காட்டுவேன்" என்றான். குடும்பத்தைப் பிரிக்கிறவன் என்று கதவை அடித்துச் சாத்தினார்கள்.

இவ்வளவு ஆனதும் அவனுக்குப் பொறுக்கவில்லை. நடுக்கூடத்தில் நின்று, "அட, அநியாயக்காரப் பயல்களா!" என்று கத்தினான். இன்டர்ஜெக்ஷன் அறையிலிருந்து ஆவும் ஓவும் எட்டிப் பார்த்தார்கள். கிராமருக்குக்கூட ஒரு நொடி ஆசை வந்தது. "நன்றாகக் கத்துகிறாயே. இந்த அறைக்குச் சரிப்படுவாயோ?"

"நான் பொருளோட கத்துறேன்யா!"

"பொருள் இருந்தால் இந்த அறை கிடையாது" என்றார் கிராமர் வருத்தத்தோடு.

மிச்சம் இருந்தது அட்வெர்ப் அறை. கதவு மூடியிருந்தது. உள்ளே குறட்டைச் சத்தம். "இந்த வேலைக்கு ஏற்கெனவே ஒன்லி என்று ஒருவர் இருக்கிறார். உன் வேலை அவருடையது" என்றார் கிராமர்.

"அப்ப அவரை எழுப்பி அனுப்பும்! நேத்து முன்னாடியோ பின்னாடியோ எங்கயாச்சும் நிக்கட்டும். அந்த அக்கா சொன்னது சொன்னபடி போய்ச் சேரட்டும்!"

"அவரை யாரும் அழைக்கவில்லை. அழைக்காதவரை எழுப்ப விதி இல்லை."

"நான் அழைக்கிறேன்."

"நீ யார்? உனக்கு அறை இல்லை. அறை இல்லாதவன் அழைத்தால் அது அழைப்பு இல்லை."

இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு யாருக்காவது ரத்தம் கொதிக்காமல் இருந்தால் அவர்கள் ரத்தத்தில் ஏதோ கோளாறு. 'தான்' கிராமரின் கையை உதறிவிட்டு மாடிப்படி ஏறி ஓடினான். அலங்காரக்காரர்களாவது கை கொடுப்பார்கள் என்று ஒரு நினைப்பு. சிமிலி என்பவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். "லைக் வெளியே போயிருக்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொள்ளாமல் நான் ஒரு படிகூட இறங்க மாட்டேன்" என்றாள். மெட்டாஃபர் அவன் தோளைத் தட்டி, "நீ ஒரு சிங்கம்" என்றான். "நான் சிங்கமில்லண்ணே, தான்" என்றால், "இல்லை, சிங்கமேதான்" என்று கடைசிவரை ஒரே பிடிவாதம். ஹைபர்போலியோ, உன் துயரத்தைக் கேட்டு ஆயிரம் கடல் வற்றிவிட்டது, உனக்காக என் உயிரையே தருகிறேன் என்று மார்பில் அடித்துக்கொண்டு, திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டான். மூலையில் உட்கார்ந்திருந்த ஐரனி, "அடடா, எவ்வளவு நல்ல நேரத்தில் வந்தாய்! எங்களுக்கு வேறு வேலையே இல்லை" என்றாள். 'தான்' கும்பிட்டு நன்றி சொன்னான். பாதிப் படி இறங்கிய பிறகே அவள் சொன்னது உறைத்தது.

அதற்குள் பின்வாசலில் காரியம் முடிந்துவிட்டது. 'வந்தேன்' உள்ளே போய் ஐ, கேம் என்று இரண்டு இங்கிலீஷ்காரர்களை எழுப்பிவிட்டான். 'நேற்று' எஸ்டர்டேயிடம் சேதியைக் கொடுத்துவிட்டான். மூன்று பேரும் கோட்டு மாட்டிக்கொண்டு துரையின் காதுக்குப் போய்விட்டார்கள். ஐ கேம் எஸ்டர்டே. நேற்று வந்தேன். தீர்ந்தது.

துரை தாடையைச் சொறிந்தார். "நேற்று வந்தாள், சரி. முந்தாநாள் வரவில்லை என்று அவள் சொல்லவில்லையே. முந்தாநாள் வந்து மேய்த்துவிட்டுப் போய், நேற்று மறுபடி வந்திருக்கலாம். நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அதன் பிறகும் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை என்றால் மந்தை பண்ணைக்காரருக்கு."

திருமேனி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த உதறலைப் பார்க்கவே ராக்குவுக்கு வயிறு எரிந்தது.

கச்சேரிக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதன் நிழலில் அவளுடைய ஆடுகள் கட்டில்லாமல் நின்றன. வீட்டிலிருந்து வெளியே தள்ளப்பட்ட 'தான்' சுவர் ஓரமாக, யார் முதுகும் இல்லாமல், தரையில் தடுமாறித் தடுமாறி வந்தான். ராக்கு அவனைப் பார்த்துவிட்டாள்.

"ஏண்டா தேனு! என் வாயில இருந்து நீயுந்தேன எறங்குன? போற வழியில எங்கடா தொலைஞ்ச?"

"உள்ள விடலக்கா."

"விடலையா? ஏன் விடல? என்ன கேடு உனக்கு?"

"எனக்கு அறை இல்லையாம்."

ராக்கு அழுகிற ஆள் இல்லை. மூக்கு விடைத்தது. "நேத்துப் பொழுது சாயத்தேன் வந்தேன். ஊரே பாத்துச்சு. கிணத்தடியில தண்ணி கேட்டேன், நாலு பொம்பளைக பாத்தாக. நான் சொன்ன பேச்சுல பாதியைப் பிடுங்கிக்கிட்டு, மீதியை வெச்சு என் கழுத்தையே அறுக்குறானுகளே! திருமேனிகூட பண்ண அநியாயத்தை வெளிச்சத்துலதேன் பண்ணான். இவிங்க வீட்டைக் கட்டி, பலகை மாட்டி, விதி வெச்சுல்ல பண்றாங்கெ!" அருகில் நின்ற சினை ஆட்டின் வயிற்றைத் தடவினாள். "இது இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போடும். அவன் கொட்டில்லயா போடணும்? சொல்லுடா."

அவமானம் அவனுக்குப் புதிது. இத்தனை நாள் அவனை நம்பி நின்றவர்கள் யாரும் தோற்றதில்லை. தோற்கவைத்தது யார்? மூன்று கோட்டுகள் அப்போது அவன் கண்ணில் பட்டன.

வீட்டின் கொல்லைப்புறத்தில், கொடிக் கயிற்றில், ஒரே அளவில் மூன்று கறுப்புக் கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளி மர நாற்காலியில் ஒல்லியாக, உயரமாக ஓர் இங்கிலீஷ்காரர் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஈகூட இல்லை.

"நீருதேன் ஒன்லியா?" என்றான் தான், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு.

"நான் மட்டுமே ஒன்லி" என்றார் அவர்.

"மூணு கோட்டு எதுக்கு?"

"எனக்கு இந்த வீட்டில் மூன்று அறை. அட்ஜெக்டிவில் ஒன்று, அட்வெர்பில் ஒன்று, கன்ஜங்ஷனில் ஒன்று. அறைக்கு ஒரு கோட்டு."

'தான்' கண் இருண்டது. தனக்கு நிற்க ஒரு மூலை இல்லை. இந்த ஆளுக்கு மூன்று அறை. அதுவும் தூங்குவதற்கு!

"மூணு அறையை வெச்சுக்கிட்டு என்னய்யா கிழிக்கிறீரு? என் வேலை உம்ம வேலையாமே. அங்க ஒருத்தி வயித்தெரிச்சலோட நிக்கிறா. நீரு எந்திரிச்சுப் போயி நேத்துக்கு முன்னாடி நின்னிருந்தா அவ பொழைச்சிருப்பா!"

ஒன்லி ரொட்டித் துணுக்கை மடியிலிருந்து தட்டினார். "யாரும் கேட்காமல் நான் எழுந்து போவதில்லை, தம்பி. போனால் தொல்லை. ஒரு சொல்லுக்கு முன்னால் நின்றால் ஒரு பொருள், அடுத்ததற்கு முன்னால் நின்றால் வேறு பொருள். கிராமர் பிரம்போடு வந்துவிடுகிறார். படுத்திருப்பது உத்தமம்."

"அப்ப நான் போறேன். கோட்டைக் குடும்."

ஒன்லி அவனைத் தலை முதல் கால்வரை பார்த்தார். பார்ப்பதற்கு அதிக தூரம் இல்லை. "எடுத்துக்கொள். எனக்கு இன்னும் இரண்டு இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், என் கோட்டைப் போட்டுக்கொண்டால் நீ நானாகிவிட மாட்டாய்."

"உம்மள மாதிரி ஆக யாருக்குய்யா வேணும்?" என்று சொல்லிக்கொண்டே கயிற்றிலிருந்து ஒரு கோட்டையும் நாற்காலியில் தொங்கிய தொப்பியையும் இழுத்து மாட்டிக்கொண்டான். கைகள் உள்ளேயே தொலைந்துபோயின. கீழ் நுனி மண்ணைக் கூட்டியது. தொப்பி மூக்குவரை இறங்கியது. அப்படியே திரும்பி ஓடி, "அக்கா, அதையே மறுபடி சொல்லு. ஒரு எழுத்துகூட மாத்தாத" என்றான்.

துரை வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "புதிதாகச் சொல்ல ஏதாவது உண்டா?"

"புதுசா என்னத்தைச் சொல்ல? நேத்துத்தேன் வந்தேன்!" என்றாள் ராக்கு. வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன.

வாசலில் கிராமர் கோட்டைப் பார்த்ததும் பிரம்பைத் தாழ்த்தி வணக்கம் வைத்தார். "நீங்கள் எப்போது வெளியே போனீர்கள், மிஸ்டர் ஒன்லி?" 'தான்' தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் உள்ளே நுழைந்தான். திறந்தால் 'நாந்தேன்' என்று வந்துவிடும்.

பின்வாசலில் வரிசை கட்டினார்கள். எஸ்டர்டே வந்து நின்றான். "மிஸ்டர் ஒன்லி, எஸ்டர்டேக்கு முன்னால் நில்லுங்கள்" என்று கிராமர் உள்ளிருந்து குரல் கொடுத்தார். 'தான்' முன்னால் போக ஒரு காலை எடுத்து வைத்தான். கால் நகரவில்லை. பிறந்த நாளிலிருந்து யாருக்கும் முன்னால் நின்று பழக்கமில்லை. எஸ்டர்டேயின் முதுகு அகலமாக, வசதியாக, எதிரே தெரிந்தது. ஒரே தாவு.

எஸ்டர்டே அலறினான். அவன் வம்சத்தில் யாரும் முதுகில் ஆள் சுமந்ததில்லை. அலறலில் முன்னால் பாய்ந்து, ஐயையும் கேமையும் பின்னால் விட்டுவிட்டு, குள்ளனைச் சுமந்தபடி நேராகத் துரையின் காதுக்குள் போய் விழுந்தான். மற்ற இரண்டு பேரும் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்கள்.

எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்.

துரை வெடித்துச் சிரித்தார். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இப்படி ஒரு வாக்கியத்தை அவர் பாட்டன் காலத்திலிருந்து யாரும் கேட்டதில்லையாம். ராக்கு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சிரித்துக்கொண்டே இருந்தவர் நடுவில் நின்றார். கண்ணைச் சுருக்கினார். "நேற்று. நேற்றுதான். நேற்றைக்கு முன்னால் இல்லை... அப்படியென்றால் முந்தாநாள் இவள் இந்த ஊரிலேயே இல்லை என்கிறாளா?" கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "முந்தாநாள் இவளை இங்கே கண்ணால் கண்டவர் யாராவது உண்டா?"

ஊர் வாயிலிருந்த கொழுக்கட்டையை அப்போது விழுங்கியது. கிணற்றடியில் தண்ணீர் கொடுத்த பெண் ஒருத்தி, "இல்லீங்க, நேத்துச் சாயங்காலம் வந்தவதேன்" என்றாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தி சொன்னாள். திருமேனி தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அவர் மைத்துனன் கூட்டத்தில் இருந்தான், பிறகு இல்லை.

"மந்தை இந்தப் பெண்ணுடையது. வழக்கு தள்ளுபடி" என்றார் துரை.

ராக்கு குனிந்து கும்பிடவும் இல்லை, கண்ணைத் துடைக்கவும் இல்லை. "இதத்தேன்யா நான் காலையில இருந்து சொன்னேன்!" என்று ஒரு சத்தம் போட்டாள். கம்பைத் தரையில் ஊன்றி மந்தையைத் திருப்பினாள்.

கிராமர் விடுவாரா? காதிலிருந்து இறங்கி வந்த 'தான்' கழுத்தை எட்டிப் பிடித்தார். தொப்பி விழுந்தது. மீசை துடித்தது.

"ஏமாற்றுக்காரனே! கோட்டைக் கழற்று."

"கழட்ட மாட்டேன்."

"அது ஒன்லியின் கோட்டு."

"அவருக்கு இன்னும் ரெண்டு இருக்கு. வேலை செய்யாதவனுக்கு மூணு, செய்யறவனுக்கு ஒண்ணுகூட இல்லைன்னா அது என்ன விதிய்யா?"

கிராமர் பிரம்பை ஓங்கினார். பிறகு இறக்கினார். அடித்தால் கோட்டு கிழியும், கோட்டு வீட்டுச் சொத்து. எனவே சபித்தார்.

"போ. இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு இப்படி முதுகில் தொத்தியபடி எந்த வாயிலிருந்து நீ இறங்கினாலும், கேட்கிறவர்கள் உன்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். வாத்தியார்கள் சிவப்பு மையால் உன்னைச் சுழிப்பார்கள். நாலு இங்கிலீஷ் புத்தகம் படித்தவன்கூட உன்னைச் சொன்னவரை ஏளனம் செய்வான்."

"சிரிக்கட்டும்யா" என்றான் தான். கோட்டின் கையை மடித்து மேலே ஏற்றினான். "சிரிச்சு முடிச்ச பெறகு புரியுமா, புரியாதா? உம்ம துரைக்குப் புரிஞ்சுச்சா, இல்லையா?"

கிராமர் எட்டு அறையையும் திரும்பிப் பார்த்தார். இந்தக் கேள்விக்கான பதில் எந்த அறையிலும் இல்லை.

'தான்' அதற்குமேல் நிற்கவில்லை. பாதையில் போய்க்கொண்டிருந்த ராக்கு ஆட்டைப் பார்த்து, "இவன்தேன்டி நம்மளக் காப்பாத்துனவன்" என்று சொன்னாள். அந்த வாக்கியத்தில் தாவி ஏறிக்கொண்டு ஊர் எல்லையைத் தாண்டினான். அன்று இரவு போட்ட கிடையில் சினை ஆடு இரட்டைக் குட்டி போட்டது என்று சொல்வார்கள்.

சாபம் மட்டும் பலித்துவிட்டது. ஆபீஸில், பஸ்ஸில், போனில், யாராவது ஒருவர் 'டுடே ஒன்லி ஐ கேம்' என்கிறார், 'ஹி ஒன்லி டோல்டு மீ' என்கிறார். உடனே பக்கத்தில் இருப்பவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சொன்னவர் இன்றைக்குத்தான் வந்தார். நேற்று வரவில்லை. அதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லவேண்டிய ஏதோ ஒரு நெருக்கடி அவருக்கு இருக்கிறது. சிரிப்பதற்கு முன்னால் அந்தக் கோட்டின் நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.

அன்று முதல்தான், இதோ இங்கேயும் 'முதல்' முதுகில் ஏறிக்கொண்டான் பாருங்கள், நம் ஆட்கள் இங்கிலீஷ் பேசும்போது முன்னால் நிற்கவேண்டிய ஒன்லி பின்னால் வந்து தொத்திக்கொள்கிறான். அவன் ஒன்லியே இல்லை. கோட்டுக்குள்ளே இருக்கிறது அவெந்தேன்.